உதவிக்கு வருபவர்கள்

மூன்றாம் மாடியில், சுவருக்கு வெளியே, ஏதோ உருண்டு போயிற்று.

ஜெய்ராமின் அலமாரியைத் திறந்து அவனுடைய துவைக்காத சட்டை ஒன்றில் முகத்தைப் புதைத்திருந்த வசுமதி நிமிர்ந்தாள். நனைந்த துணிமூட்டையைச் சுவரோடு அழுத்தி யாரோ மெல்ல உருட்டிச் செல்வதுபோல ஒரு சத்தம், குளியலறைப் பக்கம் ஆரம்பித்து, அலமாரிக்குப் பின்னால் வந்ததும் கொஞ்சம் தயங்கி, பிறகு குழந்தை தூங்கும் அறைப் பக்கமாக நகர்ந்து தேய்ந்துபோயிற்று. அந்தப் பக்கம் பால்கனி இல்லை. தண்ணீர்க் குழாய்கூட இல்லை. ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கீழே பக்கத்து வீட்டுத் தகரக் கூரைமேல் ஆகஸ்ட் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த தென்னைக்கு அப்பால், கல்கத்தாவின் டாக்குரியா ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய லோக்கல் ரயிலின் மஞ்சள் ஜன்னல்கள் வரிசையாக நகர்ந்தன. சுவரில் ஒன்றுமில்லை.

அலமாரியை மூடினாள். மறுநாள் சாயங்காலம் திறந்தபோது அது மறுபடி வந்தது.

கணவன் ஜெய்ராம் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அவளும் ஐந்து வயது ஸ்மிதாவும்தான். பகலில் ஜாதவ்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. அங்கே அவள் வருஷக்கணக்காகப் பார்த்து வந்தது ஒரே ஒரு சின்னப் புரதத்தை. உடம்பில் எங்காவது காயம் பட்டால், கிருமி நுழைந்தால், அந்த இடத்திலிருந்து அது கசியும். கீமோகைன் என்பது அதன் குடும்பப் பெயர். அதற்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்று, கூப்பிடுவது. ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணு அந்தக் கூப்பாட்டை உணர்ந்ததும் ரத்தக்குழாயின் சுவரோரமாக உருள ஆரம்பிக்கும். உருண்டு, வேகம் குறைந்து, ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தன்னைத் தட்டையாக்கி, தன்னைவிடச் சின்ன இடுக்கில் உடம்பை நுழைத்து, சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். கூப்பாடு எந்தத் திசையில் பலமோ அந்தத் திசையில்.

உடம்பை விட்டு வெளியே எடுத்த வெள்ளணுக்கள் அதிக நேரம் தாங்காது. அதனால் ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் கையை நீட்டி ரத்தம் கொடுப்பார்கள். எல்லார் கையும் சலித்துப்போன நாட்களில் வசுமதி கரியாஹாட்டில் வங்கியில் இருந்த ஜெய்ராமுக்குப் போன் செய்வாள். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவன் வந்து, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்காருவான்.

“என்ன மேடம், போன வாரம் என் ஆட்கள் ஒழுங்கா ஓடினாளா?”

“நன்னா ஓடினா. உன்னை மாதிரி இல்லே, கூப்பிட்டதும் வந்தா.”

“அதான் அவாளுக்கு ஆயுசு கம்மி,” என்பான் அவன், பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு.

ஜூனில் அவனுக்கு நிமோனியா வந்தது. கிருமி அடங்கிவிட்டது, இனி பயமில்லை என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் அவனுக்கு மூச்சு விட முடியாமல் போயிற்று. உதவிக்கு வந்தவர்கள், அந்த வெள்ளணுக்கள், திரும்பிப் போகவில்லை. நுரையீரலுக்குள் நிறைந்து, வந்த ஒவ்வொருவரும் இன்னும் பத்துப் பேரைக் கூப்பிட்டு, எதைக் காப்பாற்ற வந்தார்களோ அதையே கரைத்துக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்ரே படத்தில் இரண்டு பக்கமும் பால் ஊற்றியதுபோல வெள்ளை. அதை யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மற்ற மனைவிகளுக்குக் கிடைக்கிற அந்தச் சின்னச் சலுகை, புரியாமல் நிற்பது, அவளுக்குக் கிடைக்கவில்லை.

அதனால்தான் அந்தச் சத்தத்தின் வரிசை அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது.

தன் சட்டையை முகர்ந்தால் அது வரவில்லை. ஜெய்ராமின் சட்டையை முகர்ந்தால் வந்தது. அழுதால் வந்தது. ஒருநாள் சமையலறையில் அரிசி களைந்தபடி, சும்மா, “ஜெய்” என்று மட்டும் சொன்னாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, சமையலறைச் சுவருக்கு வெளியே ஈர மூட்டை ஒன்று உருண்டு வந்து நின்றது. அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது சந்தோஷம். கல்யாணத்துக்கு முந்தைய நாட்களில், டெலிபோன் மணி அடிக்கும்போது வருமே, அதே சந்தோஷம். அரிசித் தண்ணீர் விரலிடுக்கில் வழிய, மறுபடி சொன்னாள். “ஜெய்.”

அதன் பிறகு தினமும் கூப்பிட்டாள். ஸ்மிதா தொலைக்காட்சியில் பொம்மைப்படம் பார்க்கும் நேரத்தில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரியைத் திறந்து வைத்து, சுவரோடு ரகசியம் பேசினாள். இன்றைக்குக் குழந்தை பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னாள், ரேஷன் கார்டில் இன்னும் உன் பெயர் இருக்கிறது, கொசுவலை கிழிந்துவிட்டது. வெளியே உருளும் சத்தம் நாளுக்கு நாள் மெதுவாயிற்று. ஒரு சாயங்காலம் அலமாரிக்கு நேர் பின்னால் வந்து நின்றது. நகரவில்லை.

ஒட்டிக்கொண்டுவிட்டது.

அலமாரியைத் தள்ளிப் பார்த்தாள். சுவரில் ஒரு மனிதனின் முதுகு அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது. மழைக்காலத்தில் கல்கத்தாவில் ஈரம் பூக்காத சுவர் ஏது. ஆனால் இது லேசாகச் சிவந்து, உப்பி, பழுத்த பழத்தின் தோல்போல இருந்தது. கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மெல்லச் சாய்ந்து கன்னத்தை அதன்மேல் வைத்தாள். இந்தப் பக்கம் அவள் சாய்ந்ததும், அந்தப் பக்கம் ஏதோ சாய்ந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

காலையில் கன்னம் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தபோது தோல் வெந்நீர் பட்டதுபோல வழன்று, தொட்ட இடத்தில் ஈரமாகக் கையோடு வந்தது. சுவரண்டை போனாள். ஈரத்தின்மேல் ஒரு பல்லி ஒட்டியிருந்தது. குச்சியால் தொட்டதும் அது விழவில்லை. வழிந்தது. எலும்புகூட இல்லாமல், நனைந்த காகிதம் மாதிரி. அலமாரிக் கதவிலிருந்து தொங்கிச் சுவரில் பட்டுக்கொண்டிருந்த ஒரு சட்டையின் கை, முழங்கை வரை, இல்லை.

அவளுக்கு அது என்னவென்று தெரியும். உதவிக்கு வருகிறவர்களின் கையில் வேறெதுவும் இருக்காது. கரைப்பது ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம்.

வந்திருப்பது ஜெய்ராம்தான். இப்போதும் அவள் அதை நம்பினாள். அவன் வந்துவிட்டால் முதலில் யாரைத் தூக்குவான் என்பதையும் நினைத்துப் பார்த்தாள். அன்றே எல்லாச் சட்டைகளையும் வாளியில் ஊறப்போட்டாள். சோப்பு நுரையில் அவனுடைய வியர்வையும் புகையிலையும் வங்கியின் பழைய காகித வாசனையும் பிரிந்து போக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அழாமல், கும்மித் துவைத்தாள். அழுதால் வரும். பெயரைச் சொல்லவில்லை. நினைக்காமல் இருக்க, பாத்திரம் தேய்க்கும்போது தமிழிலும் வங்காளத்திலும் வாய்ப்பாடு சொன்னாள். சில நாட்களில் சுவர் ஆறிற்று. ஈரம் சாதாரண ஈரமாயிற்று. மருத்துவமனையில் பறிகொடுத்தவனை, வீட்டில் இன்னொரு முறை பறிகொடுத்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கும் அழவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஸ்மிதாவுக்கு ஜுரம் வந்தது.

மழை விடவேயில்லை. மத்தியானமே தெருவில் இடுப்பளவு தண்ணீர், ரிக்‌ஷாக்கள்கூட நின்றுவிட்டன. லேக் மார்க்கெட்டில் இருந்த மாமனார் பட்டாபிராமனுக்குப் போன் செய்தாள். கரகரவென்ற இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“டாக்டர் எவன் வருவான் இந்த மழையிலே? இங்கே மாடிப்படி வரைக்கும் ஜலம். நெத்தியிலே ஈரத்துணி போடு. மாத்திரை இருக்கோன்னோ?”

“இருக்கு மாமா. குடுத்துட்டேன்.”

“நீ சாப்பிட்டியோ?”

அவள் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“சாப்பிடு வசு. காலம்பற நீந்தியாவது வந்துடறேன். நான் ஒருத்தன் இருக்கேன்...” போன் செத்துப்போயிற்று.

ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. மின்சாரமும் போயிற்று. மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு குழந்தையின் அறைக்குப் போனபோது, ஸ்மிதா கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்து, கண்களைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா ஓபாஷே இருக்கார்.”

அந்தப் பக்கம் என்பதற்கு அவளுக்கு வங்காளச் சொல்தான் முதலில் வரும்.

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்லே. தூங்கு.”

“நான் கூப்பிட்டேன். வரேன்னார்.”

வசுமதி மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்கு மேலாகக் குனிந்து, சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

வெதுவெதுப்பு.

குழந்தையைப் போர்வையோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். அந்தச் சின்ன உடம்பு அனலாகக் கொதித்தது. படியிறங்கும்போது மழைச் சத்தத்துக்கு அடியில், படிக்கட்டுச் சுவருக்கு வெளியே, தன் வேகத்துக்குச் சமமாக ஏதோ உருண்டு இறங்குவதைக் கேட்டாள். அவள் நின்றால் நின்றது. நடந்தால் வந்தது. இரண்டாம் மாடியில், அண்ணி முறை வைத்து அவள் பௌதி என்று கூப்பிடும் ரத்னாவின் கதவைத் தட்டினாள். பௌதி அரிக்கேன் விளக்கோடு திறந்து, குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, வங்காளத்தில் படபடத்தாள்.

“அடி அம்மா, இவ்வளவு ஜுரத்தோட தனியா எதுக்கு இருக்கே? உள்ளே வா. உன் கன்னத்துக்கு என்ன ஆச்சு? நானும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன்.”

“எண்ணெய் தெறிச்சுது பௌதி.”

“மீன் பொரிக்காத வீட்டுல எண்ணெய் எப்படித் தெறிக்கும்?” என்று பௌதி லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, தலையைச் சாய்த்துக் கேட்டாள். “யாரது? இந்த மழையிலே சுவரோரமா யார் போறது?”

உள்ளே, பக்கவாதத்தில் படுத்திருந்த பௌதியின் கணவரின் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. அவர் பேச முடியாத வாயைக் கோணிக்கொண்டு சுவரையே பார்த்தார். சுவரின் நீலச் சுண்ணாம்பில் ஒரு கை அகலத்துக்கு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

கூப்பாடு வீட்டில் இல்லை. குழந்தைக்குள் இருந்தது. குழந்தை எங்கே போனாலும் அது வரும். வழியில் யார் படுத்திருந்தாலும்.

“மாத்திரையை மேலயே வச்சுட்டேன் பௌதி, இதோ வரேன்,” என்று சொல்லிவிட்டு வசுமதி குழந்தையைத் தோளிலிருந்து இறக்காமலே மேலே ஏறினாள். பௌதி கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரும் அவளோடு ஏறியது.

அறைக்குள் வந்ததும் யோசித்தாள். அழ இடமில்லாதபோது அவளுக்கு எப்போதும் யோசிக்க வந்தது. ஆய்வுக்கூடத்தில் அவர்கள் இரண்டு சின்னக் கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு தாளைப் போடுவார்கள். மேலே வெள்ளணுக்கள், கீழே புரதம். வெள்ளணுக்கள் தாளைத் துளைத்துக் கீழே போகும். ஆனால் அதே புரதத்தை அதே அளவு மேலேயும் ஊற்றிவிட்டால், எங்கே போவதென்று அவற்றுக்குத் தெரியாது. எல்லாப் பக்கமும் ஒரே கூப்பாடு என்றால் எந்தப் பக்கமும் கூப்பாடு இல்லை. திசை செத்துப்போகும்.

குழந்தையின் நெற்றியில் போட்ட ஈரத்துணிகள் இருந்தன. வியர்வையில் நனைந்த கவுன், தலையணை உறை, விரிப்பு, துண்டு. எல்லாவற்றையும் கீற்றுக் கீற்றாகக் கிழித்தாள். சமையலறைச் சுவரடியில் வைத்தாள். குளியலறையில், பூஜை அலமாரியின் பக்கத்தில், வாசற்படியில், ஒவ்வொரு மூலையிலும், ஜன்னல் கம்பிகளில், மின்விசிறியின் இறக்கைகளில்கூட நாற்காலி போட்டு ஏறிக் கட்டினாள். எந்த இடமும் விட்டுப்போகக் கூடாது. எந்த இடத்திலும் அதிகமாகிவிடக் கூடாது. வீடு முழுக்க ஸ்மிதாவின் ஜுர வாசனை சமமாகப் பரவிற்று. புளித்த பாலும் சூடும் கலந்த வாசனை. பிறகு கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, கவனித்தாள்.

சத்தம் சுவரோரமாகப் போயிற்று. திரும்பிற்று. தடுமாறிற்று. நின்றது.

மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

கட்டிலண்டைச் சுவரை எட்டித் தொட்டாள். ஆறிக்கொண்டிருந்தது. ஸ்மிதாவின் கண்கள் மூடியிருந்தன. வசுமதி குழந்தையின் தலைமேல் முகவாயை வைத்துக்கொண்டு, முதல் முறையாக, அவனிடம் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டாள். வழி தெரியாமல் அலையவிட்டுவிட்டேன். வேண்டாம் ஜெய், போயிடு. இவளுக்காகப் போயிடு.

அப்போதுதான் அந்தச் சோதனையின் மீதிப் பாதி நினைவுக்கு வந்தது.

இரண்டு கிண்ணத்திலும் புரதத்தை ஊற்றியபோது வெள்ளணுக்கள் திசையைத்தான் இழந்தன. ஓட்டத்தை இழக்கவில்லை. முன்பைவிட வேகமாக ஓடின. எங்கே என்று தெரியாமல், எல்லாப் பக்கமும், வெறிபிடித்ததுபோல. அதை உலகத்துக்குச் சொன்ன ஆய்வுரைகளில் ஒன்றை அவளே எழுதியிருந்தாள். ஜெய்ராமின் ரத்தத்தில் செய்த சோதனை அது.

சமையலறைச் சுவரில் ஏதோ உருண்டது.

குளியலறையில்.

வாசல் பக்கம். தலைக்கு மேலே, மொட்டை மாடித் தளத்தில், ஒன்று. இல்லை, இரண்டு. பல.

வந்தவன் மற்றவர்களைக் கூப்பிட்டிருக்கிறான். வருகிறவர்கள் எப்போதும் அப்படித்தான் செய்வார்கள்.

தரை வெதுவெதுப்பாயிற்று. கட்டிலின் இரும்புக் கால் வழியே அந்தச் சூடு ஏறி வந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான்கு சுவர்களும் ஒரே நேரத்தில் சிவந்தன. உப்பின. சுண்ணாம்பு மெல்லிய தோலாக இழுபட்டுப் பளபளத்தது. அதற்குப் பின்னால் தோள்கள். முதுகுகள். பக்கவாட்டில் அழுந்திய முகங்கள்.

கத்த வேண்டும். கத்தக் கூடாது. கத்தினால் அதுவும் கூப்பாடு. வசுமதி தன் புறங்கையைக் கடித்துக்கொண்டாள்.

முதல் விரல் சத்தமில்லாமல் வந்தது. சுவர் உடையவில்லை, இடம் விட்டது. தட்டையாக, காகிதம்போல வந்து, இந்தப் பக்கம் வந்ததும் உருண்டு திரண்டு விரலாயிற்று. பிறகு மற்ற விரல்கள். மணிக்கட்டு. புறங்கையில் மருத்துவமனை ஊசி ஏற்றிக் கறுத்துப்போன இடம். அவளுக்குத் தெரிந்த கை. பக்கத்திலேயே இன்னொரு கை. அதே கறுப்பு. எதிர்ச்சுவரிலும். மேலேயிருந்தும். எல்லாம் அதே கை. எல்லாவற்றின் பின்னாலும் அதே முகம், வாயோரத்தில் குழாய் அழுத்திய தடத்தோடு, அதே கவலையோடு.

கோபம் இல்லை அந்த முகங்களில். ஒன்றில்கூட இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

ஸ்மிதா கண் விழித்தாள். சுற்றிலும் பார்த்தாள். வறண்ட உதடுகள் மெல்ல விரிந்தன.

“எவ்ளோ அப்பா,” என்றாள்.

வசுமதி குனிந்து, குழந்தையைத் தன் உடம்பால் மூடினாள். முதுகில் ஒரு கை பட்டது. மிக மென்மையாக, தட்டிக்கொடுப்பதுபோல. புடவை நழுவி விழுவதுபோல இருந்தது, நழுவியது புடவை இல்லை. அவள் பற்களை இறுக்கிக்கொண்டாள். இன்னொரு கை அவள் தோளைத் தொட்டு, அவளை நகர்த்தி வழி கேட்டது. இன்னொன்று. அவளுடைய கைகளுக்கு இனிப் பிடிக்கும் பலம் இல்லை. பிடிப்பதற்கு விரல்களும் இல்லை.

ஸ்மிதா முகத்தை உயர்த்திக் காட்டினாள். நான்கு சுவர்களிலிருந்தும், கூரையிலிருந்தும், தரையிலிருந்தும் கைகள் நீண்டு வந்தன. ஒன்றையொன்று இடிக்காமல், அவசரப்படாமல், ஜுரம் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்க, அந்தச் சின்ன நெற்றியை நோக்கி. நெற்றியில் இடம் போதவில்லை. முன்னால் வந்தவை மெதுவாகப் படிந்தன. பின்னால் வந்தவை காத்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் சுவர் மறுபடி உப்பிக்கொண்டிருந்தது.